டேப் ஒட்டிய சுவிட்ச்

1

இந்தக் கதை ஒரு மின்விசிறி சுவிட்சிலிருந்து பிறந்தது. நல்ல தொடக்கம் இல்லைதான். இதைவிட அழகாக நான்கு எழுதி அடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறேன்: "காட்டு ஆர்க்கிட் மலரின் மோன அழகில் அவள்..." அவள் என்ன ஆனாள் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் என் அக்கா. விதை ஆய்வாளர். நான் எழுதும் எதையும் முதலில் படித்து, சிவப்புப் பேனாவால் கிழி கிழி என்று கிழிப்பவள்.

2

வாசகரே, ஆர்க்கிட் விதையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு காய்க்குள் ஆயிரமாயிரம், முகப்பவுடர் மாதிரி. [லட்சம் என்று எழுதினால் அக்கா எண்ணிக் காட்டச் சொல்வாள்.] அதனால் காயைப் பிளக்கும் நாளில் அவள் ஆய்வகத்தில் மின்விசிறி சுவிட்சின்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும்.

"சிரிப்பு வந்தாலும் வெளிய போயிடு. உன் சிரிப்புக்கு எல்லாம் பறந்துடும்" என்றாள், போன செவ்வாய்க்கிழமை.

மேசையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இடது தட்டில் மலைச்சரிவின் நல்ல மண்ணில் வளர்ந்த செடியின் விதை. வலது தட்டில் சாயப்பட்டறைக் கழிவு இறங்கும் பள்ளத்தில் வளர்ந்த, அதே இனச் செடியின் விதை. பள்ளத்தில் இந்த வருடம் காய்த்தது ஒரே ஒரு காய்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். அடேயப்பா! இடதில் எல்லாம் ஒரே அச்சு, ஒவ்வொரு விதையின் கண்ணாடி போன்ற பைக்கும் நடுவில் ஒரு கரு. வலதில் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பாதிக்குமேல் கருவே இல்லாத வெறும் பை.

"பார்த்தியா? மண்ணு கெட்டா விதை எப்படித் தாறுமாறா போகுதுன்னு பார்த்தியா?"

வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல் குதித்தாள். நானும் குதித்தேன். எண்ணத் தொடங்குமுன் போன் வந்து அவள் வெளியே போனாள்.

3

இங்கே ஒரு விபத்து வேண்டும்.

வரைவு ஒன்று: ஜன்னல் வழியே காற்று புகுந்து... [அந்த ஜன்னல்கள் திறக்காது.]

வரைவு இரண்டு: ஒரு பூனை மேசைமேல் தாவி... [ஆய்வகத்தில் ஏது பூனை?]

வரைவு மூன்று: வியர்த்துக் கொட்டியது. அவள் தம்பி, ஏதோ நினைவில் டேப்பை உரித்து சுவிட்சைத் தட்டினான். உடனே அணைத்தான்தான். ஆனால் மேசையெல்லாம் விதை. பதறிப்போய், தூரிகையால் கூட்டி, இடப்பக்கம் கிடந்ததை இடது தட்டிலும் வலப்பக்கம் கிடந்ததை வலது தட்டிலும் சேர்த்தான். டேப்பை மறுபடி ஒட்டினான்.

இந்தத் தம்பியை எனக்குப் பிடிக்கவில்லை. கோழை. மாற்றி எழுதலாம் என்றால், அவன்தான் நான்.

4

மறுநாள் அக்கா போனில் கத்தினாள்.

"டேய், மலைச்சரிவு விதையிலயும் வெறும் பை இருக்குடா! நேத்து ஒரு மூலையை மட்டும் பார்த்து ஏமாந்துட்டோம். விஷம் மேட்டு வரைக்கும் ஏறிடுச்சு! திங்கட்கிழமை விசாரணைக்குக் குடுக்கற அறிக்கையில இதைத்தான் முதல்ல சொல்லப்போறேன்!"

பள்ளத்தில் கழிவு விடுவதைத் தடை செய்யலாமா என்ற விசாரணை அது. அவளுடைய அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "சூப்பர்க்கா" என்றேன். சீ.

5

முடிவு அ: தம்பி வாயைத் திறக்கவில்லை. பட்டறை வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "கழிவு மேட்டுக்கு எப்படிம்மா ஏறுச்சு?" அதோடு பள்ளத்து உண்மையும் பொய்யாகிறது.

முடிவு ஆ: தம்பி சொல்லிவிடுகிறான். அக்கா வாய்தா கேட்கிறாள். அடுத்த காய்ப்புவரை கழிவு ஓடுகிறது. அந்த ஒற்றைச் செடி அதுவரை தாங்குமா என்று யாருக்கும்...

எனக்கு எழுத வரவில்லை, வாசகரே. இவ்வளவு நேரம் மரியாதையாகக் கூப்பிட்டது யாரை என்று உனக்குப் புரிந்திருக்கும், அக்கா. இன்று ஞாயிறு. "சாயங்காலத்துக்குள்ள படிச்சிடு" என்று உன் கையில் தாளைத் திணித்துவிட்டு, நேரில் சொல்ல முகமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சிவப்புப் பேனா பையில்தானே இருக்கிறது? கதையை அப்புறம் கிழிக்கலாம். முதலில் அறிக்கையை எடு.