கல்லை விட்டு எழும்பாத முவல்லா

முவல்லாவின் உடல் இருந்த சந்தூக்குப் பெட்டியை எட்டுப் பேர் சேர்ந்தும் பள்ளிவாசல் முற்றத்துத் தொழுகைக் கல்லிலிருந்து தூக்க முடியவில்லை. இமாம் "ஆண் மய்யித்துக்காக" என்று, யாருக்கான தொழுகை என அறிவிக்கும் நிய்யத்தைச் சொல்லித் தொழுவித்த மறுகணமே அது கல்லோடு கல்லாகிவிட்டது. இஸ்தான்புல்லில் அன்று மழை. மத்தி மீன் விலை ஏறியிருந்தது. நகராட்சி கிரேன் கொண்டுவந்தது. கிரேனின் பின்சக்கரங்கள்தான் மேலே போயின. உள்ளே கிடந்த உடல், அந்த மய்யித்து, நாறவுமில்லை. கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அவரவர் ஜோலியைப் பார்க்கப் போனார்கள்.

முவல்லா பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, பாதி ஆயுளுக்கு மேல் பெண்ணாக வாழ்ந்தவள். அவளோடு ஒரே வீட்டில் இருந்த திருநங்கைகள் குலிசாரும் திஜெனும். அவளைப் பெண்ணாகத்தான் அடக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் இரண்டாம் பேச்சில்லை; எப்படி என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை. குலிசார் இஸ்திரி போட்ட கோட்டோடு கோர்ட்டுக்கு நடந்தாள், இறந்தவளின் பதிவை மாற்றச் சொல்லி. திஜென் வெள்ளிதோறும் பள்ளிவாசல் முற்றத்தில் தொண்டை கிழியக் கத்தினாள். போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். குலிசார்தான் போய் மீட்டு வருவாள்.

"சலாம் போட்டுப் போட்டே உனக்கு முதுகு வளைஞ்சு போச்சுக்கா."

"நீ கத்துற கத்துல நீதிபதி கோவிச்சுக்கிட்டா, அவ கல்லுலயே கெடக்கணும்டி."

ஆறு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது: இறந்தவர் பால் மாற முடியாது.

குலிசார் நேரே பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தாள். திஜென் தன் தலைத்துணியை அவிழ்த்து, பெண்களின் சந்தூக்குக்குப் போடுவதுபோல மேலே விரித்தாள்.

"இமாம் கெடக்குறாரு. நீ சொல்லுக்கா."

வாழ்நாளில் குரல் உயர்த்தாத குலிசார், கல்லின் முன் நின்று, கடைத்தெரு முழுக்கக் கேட்க, "பெண் மய்யித்துக்காக!" என்றாள்.

சந்தூக்கு எழும்பியது. யாரும் கை வைக்கவில்லை. மினாராவின் பாதி உயரத்தில் போய் நின்றுவிட்டது. அடக்கச் சீட்டில் ஆண் என்று இருக்கும்வரை அவள் மண்ணுக்கு இறங்கமாட்டாள் என்பது குலிசாருக்குப் பார்த்ததுமே விளங்கியது.

மறுநாள் மறுபடி கோட்டுக்கு இஸ்திரி போட்டாள். மேல்முறையீடு. இம்முறை பையைத் தூக்கிக்கொண்டு திஜெனும் கிளம்பினாள்.

"மெதுவாப் பேசித் தொலைக்காதக்கா. அங்க எல்லாருக்கும் காது மந்தம்."

"நீ வாசல்ல கத்து. உள்ள நான் கத்துறேன்."

வழக்கு நடக்கிறது. முவல்லா இன்னும் மேலேதான் இருக்கிறாள். கோடையில் டீக்கடைக்காரர் அவள் நிழலில் நாற்காலி போடுகிறார். நிழல் நகர நகர நாற்காலிகளையும் நகர்த்துகிறார்.