காஷ்மீருக்குப் போன நைலான் கயிறு

என் அண்ணன் உடையப்பன் முதலில் வேலை பார்த்தது துபாய் தேராவில் ஒரு கார்கோ கடையில். ஊருக்குப் போகும் அட்டைப்பெட்டிகளுக்கு நைலான் கயிறு கட்டுவதுதான் அவன் வேலை. திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் தூக்கி எறிவார்கள், புரட்டுவார்கள், கயிறு அசையாது. வீட்டில் அவிழ்க்க மாட்டாமல் அரிவாள்மனையைத் தேடுவார்கள் என்று பெருமையடிப்பான். அட்டைப்பெட்டி கட்டுகிறவனுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று நான் அவனைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

அந்தக் கடையை மூடியதும் என் வீட்டுக்காரர் அன்பரசன் தன் வேலையிடத்திலேயே அவனைச் சேர்த்துவிட்டார். அது ஒரு பெரிய மாலுக்குள் இருந்த பனிச்சறுக்குக் கூடம். வெளியே தார் உருகும் வெயில், உள்ளே கம்பளிச் சட்டையோடு பனியில் நிற்கும் உத்தியோகம். இப்படியும் ஒரு பிழைப்பா என்று ஊரில் இருந்த நான் வாய்பிளந்தது அந்தக் கூடம் திறந்த வருஷம். பனி அள்ளத்தான் என் வீட்டுக்காரரை முதலில் எடுத்தார்கள். டூட்டி முடிந்தபின் விழுந்து எழுந்து சறுக்கக் கற்று, சொல்லிக்கொடுக்கும் கோச் ஆகிவிட்டார். அதன்பிறகுதான் எனக்கு விசா வந்தது. அல் குசைஸில் ஒரு சின்ன ஃபிளாட்டில் நாங்கள் இருவரும் ஓர் அறையில், அண்ணன் ஹாலில்.

தலைமைக் கோச் யோஹான் நார்வேக்காரர். டெலிமார்க் என்ற பழைய பாணிச் சறுக்கை அவர்தான் என் வீட்டுக்காரருக்குப் பழக்கினார். அதில் பூட்ஸின் முன்பக்கம் மட்டும் சறுக்குக் கட்டையில் பிடித்திருக்கும், குதிகால் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு முட்டியை மடக்கி இறங்க வேண்டும். "பனிக்கு முன்னாடி இத்தனை தடவ மண்டி போடுறீங்க, வீட்டுல ஒரு தடவ போட்டா கொறஞ்சா போயிருவீங்க" என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பார்.

அந்தக் கட்டையில் ஒரு சிக்கல். மற்றக் கட்டைகள் ஆள் விழுந்தால் ஒழுங்காகக் கழன்று, பிரேக் போட்டு அங்கேயே நின்றுவிடும். இதில் பிரேக் கிடையாது. பூட்ஸைப் பிடித்திருக்கும் கம்பி எப்போது நழுவும், எப்போது நழுவாது என்று அதற்கே தெரியாது. ஒருநாள் இவர் விழுந்தபோது கம்பி நழுவி, கட்டை மட்டும் சரிவில் பாய்ந்துபோய், ஒரு குழந்தையின் பக்கத்துத் தடுப்பில் குத்தி நின்றது. காலோடு கட்டையைப் பிணைக்கும் வார் இல்லாமல் இனி யாரும் இறங்கக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். கடையில் வாங்கிய வாரின் கொக்கியோ ஒரே வாரத்தில் உடைந்தது.

அண்ணன் சும்மா இருப்பானா? கொக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, நைலான் கயிற்றால் கட்டையின் இரும்பையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டினான். இவருக்கும் அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்தான். போட ஒரு நொடி போதும். அவிழ்க்கத்தான் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும்.

அந்த பிப்ரவரியில் யோஹான் தன் கோச்சுகளை நிஜமான மலையில் பழக்குவதற்காகக் காஷ்மீருக்குக் கூட்டிப் போனார். அண்ணன் புதுக் கயிறு வாங்கி, இரண்டு கட்டைக்கும் மாற்றிக்கொடுத்தான்.

"மலையே பொரண்டாலும் இது அவுறாது மாப்ள" என்றான்.

"நீங்க கட்டுனா எவன் அவுப்பான் மச்சான்" என்று சொல்லிவிட்டு இவர் பையைத் தோளில் போட்டார்.

போன நாலாம் நாள், மதியச் சமையல் இறங்கும் நேரத்தில் அண்ணன் வந்து நின்றான். அவனுக்கு மாலை வரை டூட்டி. பனிக்கூடத்துத் தடித்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை.

"பானு, மாப்ளைக்குப் போன் போடுத்தா."

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

"நம்ம கயித்த அவுத்தெறியச் சொல்லு. மொதல்ல போடு."

அவன் சொன்னது முன்னும் பின்னுமாக இருந்தாலும் விஷயம் இதுதான். புதிதாக வந்த ஒரு கோச் அம்மா, கூடத்தில் இவன் கட்டைகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் மிச்சக் கயிற்றைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறாள். இவன் பெருமையாகக் கட்டிக் காட்டியிருக்கிறான். அவள் முகம் வெளுத்துவிட்டதாம். கூடத்துக்குள் கட்டை ஓடிவிடக்கூடாது, சரி. மலையில் பனிச்சரிவு வந்தால் கட்டை காலை விட்டுப் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் ஆளை அடியில் இழுத்துக்கொண்டு போகும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று விட்டுவிட வேண்டிய பொருளை நாங்கள் தலையோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறோம்.

அவருடைய போன் காஷ்மீரில் வேலை செய்யவில்லை. ஹோட்டல் எண்ணை அழுத்தினேன். எடுத்தவன் மரியாதையாகத்தான் பேசினான். "சப் ஊப்பர் கயே ஹைன், பாபி." எல்லாரும் மேலே போய்விட்டார்கள், அண்ணி. ராத்திரி நல்ல பனி விழுந்திருக்கிறது, சாயங்காலம் சந்தோஷமாக வருவார்கள் என்றான். மேலே இருப்பவர்களுக்குச் சொல்லியனுப்ப வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். பார்க்கிறேன் என்றான்.

"ஒன்ன யாருண்ணே இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்று அண்ணனிடம் கத்தினேன். அவன் சமையற்கட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தான். கத்தியதற்கு உடனே எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கத்த வேண்டும் போலவும் இருந்தது.

பக்கத்துப் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான பாங்கு முடியும்போது போன் அடித்தது. யோஹான். என் பெயரைச் சொன்னார், பிறகு மறுபடியும் என் பெயரையே சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் காதிலிருந்து எடுக்கவில்லை.

உச்சியில் எல்லாரையும் வார்களைக் கழற்றச் சொன்னாராம். இவருடைய முடிச்சு பனி பிடித்து இறுகிப்போயிருந்தது. விரல்கள் விறைத்துவிட்டன. மற்றவர்கள் நின்று காத்திருப்பது இவருக்கு ஒருமாதிரி இருந்திருக்கிறது. 'மாஃபி முஷ்கில், பரவாயில்லை, ஒரு இறக்கம்தானே' என்று சிரித்தாராம். 'நானும் சரி என்றேன், நான் சரி என்றிருக்கக் கூடாது' என்று யோஹான் திரும்பத் திரும்பச் சொன்னார். பாதிச் சரிவில் பனி பாளமாக உடைந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டது. கட்டை கழன்றவர்கள் மேலே வந்தார்கள். இவர் உடம்பில் கட்டியிருந்த கருவியின் சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டியபோது, கட்டை இரண்டும் காலிலேயே இருந்தன. கத்தியால் அறுத்து எடுத்தார்கள். அதற்குள் மூச்சு இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. புத்தி அதை உள்ளே விடவில்லை. இந்த ஊரில் வெயிலில் சுருண்டு விழுந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், சாரத்திலிருந்து விழுந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சிவகங்கைச் சீமையில் பிறந்த ஒருவன் பனியில் புதைந்து சாவானா? அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போய் அணைத்தேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டான். உயிர் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.

"கயிறு அவுந்துச்சா பானு?"

அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, இந்த ஊர்வரை கொண்டுவந்தவன் அவன். இன்று ஒருவரைத் தொலைத்தாயிற்று, இவனையும் தொலைக்க என்னால் முடியாது. வாய் தானாகச் சொன்னது.

"அவுந்துருச்சாம்ணே. கட்டை ரெண்டும் தனியாத்தான் கெடந்துச்சாம். அதுனால இல்ல. பனி ரொம்ப."

அவன் எழுந்து வந்தான். உள்ளங்கையை என் முன்னால் நீட்டினான்.

"என் மேல சத்தியம் பண்ணு."

"என்னண்ணே நீ..."

"என் தலை மேல சத்தியமா அவுந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லுத்தா. நம்புறேன்."

ஒரு பொய்தான், ஒரு தட்டுத்தான், அவன் பிழைத்துப்போவான். கையைத் தூக்கிவிட்டேன். பொய்ச் சத்தியம் எவர் மேல் செய்கிறோமோ அவரைத்தான் கொண்டுபோகும் என்று கேட்டு வளர்ந்த கை அது. எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு தலைதான்.

கை பாதியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.