கேப்டனிடம் தோற்பது எப்படி

1

இந்தக் கதை எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் என் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பேச்சு தானாக வந்து காதில் விழுந்தது. விழுகிறது ஒழுங்காக விழட்டுமே என்று குழாயை மூடினேன், அவ்வளவுதான்.

எங்கள் மாடியில் எதிர்ப்பக்கத்து வீட்டை ஓர் ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. நடுவில், காற்றுக்காக விட்ட ஒரு சந்து. அவர்களுடைய மீட்டிங் அறையும் என் சமையலறையும் நேருக்கு நேர். அவர்கள் ஜன்னலை மூடுவதே இல்லை, ஏசி ரிப்பேர். [இந்தக் கதைக்காக யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்த ஏசிக்குத்தான்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். எல்லையற்ற வானம் அவளை—”

வேண்டாம். அந்த ஜன்னல் வழியே பார்த்தால் தெரிவது நான்தான்.

பிறகு இப்படி:

“திறமை என்றால் என்ன என்ற கேள்வி மனித குலத்தை ஆதியிலிருந்தே—”

இதைப் படித்த என் வீட்டுக்காரர், “மனித குலம் கிடக்கட்டும், அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லு” என்றார். சரி, சொல்கிறேன்.

2

அந்தப் பெண்ணை அலுவலகத்தில் சுருள்முடி என்று கூப்பிடுகிறார்கள். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். படம் வரைகிறவன் தாடி. புரோகிராம் எழுதுகிறவள் ஹெட்போன். இந்த இருவரையும் சல்லடை போட்டுத் தேடி எடுத்தவள் சுருள்முடி. அவள்தான் டீம் லீட்.

அவள் ஆள் எடுக்கும் விதமே தனி. வருகிறவர்களைத் தங்கள் விளையாட்டில் உட்காரவைத்துத் தோற்கடிப்பாள். தோற்றவர்களில் ஒருத்தர் நெட் சரியில்லை என்பார், இன்னொருத்தர் மவுஸ் சரியில்லை என்பார். ஹெட்போன் மட்டும், “எங்கே விட்டேன்னு தெரியல. இன்னொரு ஆட்டம் போடலாமா?” என்றாள். உடனே சுருள்முடி வேலை கொடுத்துவிட்டாள்.

முதலாளியை முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். “நாம கம்பெனி இல்ல, குடும்பம்” என்பது அவருடைய மந்திரம். லீவு கேட்கும்போது மட்டும் குடும்பம் மறுபடி கம்பெனியாகிவிடும்.* ஆள் தேவை என்று அவர் வெளியிட்ட விளம்பரத்தில் ‘போர்வீரர்கள் தேவை’ என்று போட்டிருந்தார். வந்த போர்வீரர்கள் முதலில் கேட்டது, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா என்று.

* அலுவலகம் முழுக்க நாற்காலிக்குப் பதில் மெத்தை மூட்டைகள். உட்காரலாம், எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டும். ஒற்றுமை வளர்கிறதாம். உருப்படியான நாற்காலி ஒன்றே ஒன்று உண்டு. அது டீம் லீடுக்கு.

3

அவர்களுடைய விளையாட்டில் நீங்கள் ஒரு துறைமுகம் கட்ட வேண்டும். எதிராளியின் கப்பல்களை நுழையவிடாமல் மறிக்க வேண்டும். கேட்க எளிது, ஆனால் என் வீட்டுக்காரர் இரண்டு முறை தன் கப்பலையே மூழ்கடித்துவிட்டு, விளையாட்டில் கோளாறு என்றார். (அவருக்கு அங்கே வேலை கிடைக்காது.)

வெள்ளிக்கிழமைதோறும் கேப்டன் தன் டீமோடு மீட்டிங் அறையின் பெரிய திரையில் இதை ஆடுவார். எப்போதும் அவரே ஜெயிப்பார். யாரும் யாரிடமும் சொல்லி வைத்ததில்லை. புதிதாக வந்தவர்கள்கூட இரண்டாவது வாரமே புரிந்துகொண்டுவிடுவார்கள்.

அவரிடம் தோற்பது லேசுப்பட்ட காரியமில்லை. சட்டென்று தோற்றால், “உனக்கு ஈடுபாடே இல்ல” என்பார். இழுத்துப் பிடித்து, நாம் ஜெயித்துவிடுவோமோ என்று அவருக்கு வியர்க்கும்வரை கொண்டுபோய், கடைசி நேரத்தில் கப்பலைத் தப்பான பக்கம் திருப்பி, “அடடா!” என்று சொல்ல வேண்டும். தாடியின் ‘அடடா’ படு செயற்கை. சுருள்முடியின் ‘அடடா’வை நானே நம்பிப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

இப்படி அழகாகத் தோற்க வேண்டுமென்றால் கேப்டனின் ஆட்டம் அத்துப்படியாக இருக்க வேண்டும். அவர் எப்போதும் மேற்கு வாசலையே காவல் காப்பார். கிழக்கு வாசல் அம்போவென்று திறந்து கிடக்கும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் அந்த டீமின் தலையாய திறமை.

இதிலிருந்து கேப்டன் எடுத்த முடிவு: “என் டீம்ல ஒருத்தருக்கும் ஆடத் தெரியல.”

4

இப்போது நாய்க்குட்டி.

விளையாட்டை மூடப் போனால், துறைமுகத்தின் ஓரத்தில் ஒரு நாய்க்குட்டி தோன்றி ஊளையிட்டு அழும். போகிறவர்கள் போகாமல் இருப்பதற்காகக் கேப்டன் கண்டுபிடித்த உத்தி. என் அக்கா பெண் ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு வரவே மாட்டேன் என்றாள், நாய் அழுகிறதாம்.

“அதை எடுத்துடலாம் கேப்டன்” என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிக்கொண்டிருந்தாள் சுருள்முடி.

“நெகட்டிவா பேசாதே.”

அதற்குப் பிறகுதான் அவள் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் விளையாட ஆரம்பித்தாள். துணி உலர்த்தப் போகும் வழியில் நான் எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். திரையில் அவள் வைத்திருந்த பெயர்: கொசு.

ஒரு மதியம் பொது ஆட்டத்தில் கேப்டன் தன் பெயரிலேயே ஆடிக்கொண்டிருந்தபோது, கொசு கிழக்கு வாசல் வழியாக நுழைந்து அவர் துறைமுகத்தையே காலி செய்தது. போகிறபோக்கில் எல்லோரும் பார்க்க ஒரு குறிப்பும் எழுதிவிட்டுப் போனது: “ஆட்டம் நல்லாருக்கு. ஆனா போறவனை நாயை விட்டு அழவெச்சா, அடுத்த தடவை உள்ளே வரவே அவன் யோசிப்பான்.”

கேப்டன் இதை மீட்டிங்கில் உரக்கப் படித்தார். குரல் தழுதழுத்தது.

“என்ன ஒரு பார்வை!”

“இதையேதான் கேப்டன் நான் போன வாரம்—”

“நீ சொன்னது புகார். இவர் சொல்றது தொலைநோக்கு. இவரைத் தேடிப் பிடி. இனி இவர்தான் டீம் லீட்.”

“டீம் லீட் நான்தானே?”

“நீ பக்கத்துல இருந்து கத்துக்கோ. நமக்குள்ள என்ன, குடும்பம்தானே? அவருக்கு இந்த ரெண்டு பேரையும் பிடிக்கலன்னா, தன் ஆளுங்களைக் கூட்டிட்டு வரட்டும்.”

அந்த ‘ரெண்டு பேர்’, அதாவது தாடியும் ஹெட்போனும், அருகிலேயே மெத்தை மூட்டையில் புதைந்திருந்தார்கள். எழுந்து வெளியே போகக்கூட யாராவது கை கொடுக்க வேண்டிய நிலை.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கேப்டனை ரொம்பவும் அசடாக்கிவிட்டேனோ? தாடியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலில் ஓடிப்போய் நின்றவர் இவர். அதையும் எழுதிவிடுகிறேன். ஆள் நல்லவர்தான், காது மட்டும் வெளிப்பக்கமாகத் திறக்கிறது.]

5

மறுநாள் மாடிப்படியில் சுருள்முடியை மடக்கிவிட்டேன்.

“நீதானே கொசு?”

“ஐயோ அக்கா, மெதுவா!”

“போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது? நான்தான் கொசுன்னா, இவ்வளவு நாளா வேணும்னே தோத்தோம்னு ஆயிடும். என்னை விடுங்க. அவங்க ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டு வந்தது. நல்ல வேலையை விட்டுட்டு என்னை நம்பி வந்ததுங்க.”

“அப்போ கொசுவைக் காணாமப் போகச் சொல்லு.”

“இன்னிக்கு மட்டும் இருக்கட்டும் அக்கா. ஒரு சின்ன வேலை பாக்கி.”

அந்தச் சின்ன வேலை என்ன என்பது சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது தெரிந்தது. விளையாட்டு வழியாகக் கேப்டன் அனுப்பியிருந்த அழைப்புக்குக் கொசுவிடமிருந்து பதில் வந்திருந்தது: முதலில் நாய்க்குட்டியை எடுங்கள், பிறகு பேசலாம்.

“எடு! உடனே எடு!” என்று கேப்டன் சுருள்முடியை விரட்டினார். “கேட்கிறது யாரு தெரியுதா?”

“தெரியுது கேப்டன்.”

ஹெட்போன் ஏற்கனவே எடுத்து முடித்திருந்தாள்.

6

வெள்ளிக்கிழமை கொசுவை நேரில் வரச் சொல்லியிருந்தார் கேப்டன். சட்டையெல்லாம் புதிது. கொசு வரவில்லை. வாசலையே பார்த்துப் பார்த்துச் சலித்து, “சரி, நீங்களாவது ஆடுங்க” என்று உட்கார்ந்தார்.

சுருள்முடி ஆடினாள். நான் அடுப்பை அணைத்தேன்.

இழுத்துப் பிடித்தாள். அவருக்கு வியர்த்தது. ‘அடடா’ வரவேண்டிய இடம் வந்தது. தாடி கண்ணை மூடிக்கொண்டான். ‘அடடா’ வரவில்லை. அவளுடைய கப்பல் கிழக்கே திரும்பியது.

இந்த இடத்துக்கு நான் முதலில் எழுதிய முடிவு: “கேப்டன் எழுந்தார். கண்களில் நீர். ‘நீதானா அது! நான் குருடனாக—’”

அழகான முடிவு. அப்படி நடக்கவில்லை, அதனால் அடித்துவிட்டேன். உண்மையில் நடந்தது இது. அவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகம் பூவாக மலர்ந்தது.

“எப்போ சந்திச்சே அவரை?”

“யாரை கேப்டன்?”

“மறைக்காதே! இது கொசுவோட ஆட்டம். உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார். கொஞ்சம் பழகினதுக்கே உன்னை இப்படி மாத்திட்டாருன்னா, இங்கேயே வந்து உட்கார்ந்தா என்ன ஆகும்!”

“அடடா” என்றான் தாடி. முதல்முறையாக இயல்பாக வந்தது.

7

கேப்டன் அங்கேயே போனை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொசுவுக்கு எழுதினார்: “நாற்காலி உங்களுக்குத்தான். டீமில் யார் இருக்கணும், யார் போகணும், நீங்களே முடிவு பண்ணுங்க. வர்றீங்களா?”

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த சுருள்முடியின் போன் ‘கிர்’ரென்றது.

“அதை சைலன்ட்ல போடும்மா” என்றார் கேப்டன். “முக்கியமான பதில் ஒண்ணு வரப்போகுது.”

அவள் போனைக் கையில் எடுத்தாள். ‘வர்றேன்’ என்று அனுப்பினால் அந்த இரண்டு பேருக்கும் வேலை நிலைக்கும். ஆனால் நாற்காலியில், உலகத்திலேயே இல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்க, இவள் பக்கத்தில் மூட்டையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். போனைத் திருப்பி அவரிடமே காட்டலாம். அவர் நம்புவாரா என்பது தெரியாது. கொசுவின் போனைத் திருடியதாகச் சொன்னாலும் சொல்வார்.

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

நான்தான் தெரிந்தேன். கையில் கரண்டியோடு. ‘என்ன செய்யட்டும்?’ என்று புருவத்தைத் தூக்கினாள். ஊர்க் கதையெல்லாம் பேசுகிற வாய், அந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். காட்டச் சொல் என்றார். அவர் வேலையா போகப்போகிறது?

ஆகவே உங்களிடம் விடுகிறேன். புருவம் இன்னும் இறங்கவில்லை, யோசித்துச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமில்லை, இப்படியே மூடிவிட்டுப் போகிறேன் என்றாலும் தாராளமாகப் போங்கள். யாரும் அழமாட்டார்கள். அந்த நாய்க்குட்டியைத்தான் அவள் எடுக்கவைத்துவிட்டாளே.