எல்லாரும் ஒரே நேரத்தில்

பிரபாவதி அரக்கோணம் ரோட்டில் தகர ஷெட்டில் கூடும் பெந்தெகொஸ்தே சபைக்குள் கால் வைத்ததே தன் சர்ச் ஆயர் கெஞ்சியதால்தான். ஐக்கிய ஜெப வாரத்தில் திருத்தணிச் சபைகள் எல்லாம் மாறி மாறி ஒருவர் இடத்தில் ஒருவர் கூடவேண்டும் என்று ஏற்பாடு. பெரிய சர்ச்சின் பெண்கள் சங்கச் செயலாளர் அவள். அவள் போகாவிட்டால் வேறு ஒருத்தியும் போகமாட்டாள்.

அவளுக்குக் கசப்பு அந்த ஷெட்டோடு இல்லை, அங்கே இருந்த தங்கை வசந்தியோடு. சில வருடங்களுக்கு முன் வசந்தி இந்தச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, நகை ஆகாது என்ற அவர்கள் கொள்கைப்படி தாலி, தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்தாள். "கொழந்தையில தெளிச்ச தண்ணி ஞானஸ்நானமே இல்லக்கா" என்று அவள் சொல்ல, "புருஷன் உயிரோட இருக்கசொல்ல தாலிய கழட்டினவ என் வாசல மிதிக்காத" என்று இவள் சொல்ல, அதோடு சரி. கொள்கையாம், கொள்கை. இரண்டு பேருக்கும் பிடிவாதம் அப்பன் கொடுத்த சீதனம்.

ஷெட் சபையின் பாஸ்டர் கஜபதி, "அம்மா, நீங்க ஜெபத்த ஆரம்பிங்க" என்றார். பெரிய சர்ச்சில் ஒருவர் ஜெபித்தால் மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பிரபாவதி எழுந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பாள். ஷெட் மொத்தமும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு ஜெபம், கைதட்டல், அழுகை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அங்கே எப்போதும் அப்படித்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே தன்னை அமுக்குகிறார்கள் என்று நினைத்தாள். முகம் சிவக்க, பைபிளைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். சங்கத்துப் பெண்களும் எழுந்துவிட்டார்கள். அவள் வாசலைத் தாண்டினால் இந்த ஊரில் இனி ஐக்கியம் என்ற பேச்சே எழாது. வசந்தியின் முகத்தில் சாகும்வரை விழிக்கவும் வேண்டியதில்லை.

வாசலோரம், அந்தச் சபைப் பெண்கள் வழக்கப்படி வெள்ளைப் புடவையில், வசந்தி தரையில் நெற்றி முட்ட அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க தீபாவுக்கு ரெண்டு தடவ தங்கலியே ஆண்டவரே. இந்தக் கொழந்தையாவது தங்க வையி. எங்க அக்கா தூங்காம அழுதுகினு கெடக்கறா. அவள தேத்துப்பா."

தீபா பிரபாவதியின் மகள். இப்போது ஏழாம் மாதம். பிரபாவதிக்கு அதற்குமேல் கால் நகரவில்லை. வெட்கமாக இருந்தது. தன் வாசலை மிதிக்காதவள் தன் வீட்டுக் கவலையைச் சுமந்திருக்கிறாள். பையைப் போட்டுவிட்டுத் தங்கையின் பக்கத்திலேயே மண்டியிட்டாள். வசந்தி கவனிக்கவில்லை. இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், பிரபாவதி ஆயுளில் முதல்முறையாக வாய்விட்டுக் கத்தி ஜெபித்தாள்.

பாஸ்டர் மைக்கில் "ஸ்தோத்திரம்" என்று இழுத்தால் எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடவேண்டும். அங்கே அதுதான் வழக்கம். அதுவும் அவளுக்குத் தெரியாது. ஷெட் முழுக்க அடங்கிய பிறகும் அவள் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி என் வூட்டுக்கு வரணும் ஆண்டவரே. நான்தான் கதவ சாத்தினேன். தாலியோட வந்தாலும் சரி, இல்லாம வந்தாலும் சரி, அவ வரணும்."

இரண்டு சபை ஜனமும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வசந்தி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள்.

"ஆமென்" என்றாள்.