இடம்புரி மரை

லோடு ஆட்டோவிலிருந்து சைக்கிளை இறக்கியபோது அழகுமீனா அதன் பெடல்களைத்தான் தேடினாள். இரண்டு பக்கமும் இல்லை. பெடல் இருக்க வேண்டிய இடத்தில், இரும்புக் கையின் நுனியில், வெறும் துளைதான் இருந்தது.

அவளுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் ஊர்க்காவலன் கிடந்தார். பெட்டியின் மோட்டார் விட்டுவிட்டு உறுமியது. வந்தவர்கள் உட்காரப் பாய் போதாமல், பந்தல் முழுக்கக் கலர் பிசகிய காலண்டர் தாள்களை விரித்திருந்தார்கள். திருத்தங்கல் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டிய அவர், கழிவு என்று ஒதுக்கியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவற்றில் அச்சாகியிருந்த நாலு கண்ணுள்ள பூனைக்குட்டிகள் மேல் உட்கார்ந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"அந்தச் சனியன உள்ள விடாதீக! எங்கண்ணன முழுங்குனது அதுதான்!" கொழுந்தன் முனியராஜ் வாசலை மறித்து நின்றான்.

சைக்கிளைப் பிடித்திருந்தவர்கள் இரண்டு பேர். ஆட்டோ ஓட்டி வந்த பாண்டிராஜ். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கும் யோபு சார். இருவர் சட்டையிலும் வெம்பக்கோட்டை ரோட்டுப் புழுதி அப்படியே இருந்தது. காலையில் இவர்களோடுதான் ஊர்க்காவலன் அணைக்கட்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அவருக்கு உயிர் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வேட்டி மாற்றியபோது அவர் முழங்காலில் புதிதாக ஒரு சிராய்ப்பைப் பார்த்தாள். அப்போதிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை.

பழைய சைக்கிள் பைத்தியங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டமாக இருந்தார்கள். தெருவில் அவர்களுக்கு 'மரை கழண்ட சங்கம்' என்று பெயர். ஒருவன் பழைய இரும்புக் கடையில் டைனமோ கண்டுபிடித்தால் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஊர்க்காவலனிடம் இருந்தது முன்சக்கரத்துக்கு இரட்டைக் கம்பி ஃபோர்க் வைத்த பழைய ஹம்பர் கம்பெனிச் சைக்கிள். அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில் பாடம் நடக்கும். துருவுக்கு மண்ணெண்ணெய் போதும், உப்புத்தாள் போடாதே. பழைய பெயிண்ட் உதிர்ந்தாலும் பரவாயில்லை, புதுசு அடிக்காதே. மரை ஏறவில்லையென்றால் முறுக்காதே. வெளியே எடுத்து விரலாலேயே மறுபடி ஆரம்பி. ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் அவர் இதையெல்லாம் அவளிடம் ஒப்பிப்பார்.

"சக்களத்தியக் குளிப்பாட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவள் ரசம் ஊற்றுவாள். கல்யாணமாகி வந்தபோது இல்லாத சக்களத்தி. ஒருநாளும் அவள் அதை விரலால் தொட்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம்தான் தொட்டாள்.

தீபாவளி சீசன். பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்து கிடந்தது. வர நேரமாகும் என்று அவர் போன் பண்ணினார். முற்றத்தில், கழுவித் துடைத்த பெடல்கள் இரண்டும் தாளின் மேல் கிடந்தன. அலுத்து வரும் மனுசன் இதோடு உட்காரவேண்டுமே என்று தோன்றியது. ஒன்றை எடுத்து வைத்துத் திருகினாள். குழாய், ஊறுகாய்ப் பாட்டில் மூடி, எல்லாம் திருகுகிற மாதிரி வலது பக்கமாக. ஏறவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு துண்டுப் பைப்பைச் செருகி, உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது. மற்றதற்கு அந்தத் திருகு சேரவே இல்லை. எதிர்ப்பக்கம் முறுக்கியதும் அதுவும் முரண்டு பிடித்து ஏறிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. அவராகப் பார்த்துக் கேட்கட்டும் என்று இருந்தாள். காலையில் இருட்டோடு எழுந்தவர், "போய்ட்டு வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

"இந்தா பாருங்கய்யா, பெடலே இல்ல!" முனியராஜ் சைக்கிளைப் பிடித்து உலுக்கினான். "முழங்கால் பேந்து கெடக்கு. பெடல் கழண்டு விழுந்துருக்கான், அந்த அதிர்ச்சியில நெஞ்சு அடைச்சிருக்கு. யாருய்யா மாட்டுனது இத?"

பந்தலில் அழுகை நின்றது. யோபு சார் அழகுமீனாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான்தான் தம்பி மாட்டுனேன்" என்றார். "கவனிக்காம விட்டுட்டேன்."

"நீரெல்லாம் ஒரு வாத்தியாரு!"

முனியராஜின் கை அவர் சட்டைக்குப் போனது. சார் நகரவில்லை.

"தம்பி, அவுக இல்ல." அழகுமீனாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நாந்தேன் மாட்டுனேன். நேத்து. அவுக மேல கை வைக்காதீக."



"தெரியும் மதினி" என்றான் பாண்டிராஜ். "அண்ணனுக்கும் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"வெம்பக்கோட்டைக்குப் பிரியுற விலக்குல பெடல் கழண்டுச்சு. நெசந்தான், விழுந்தாரு. எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு அதக் கையில எடுத்துப் பாத்தாரு. வலது எடது மாத்தி ஏத்திருக்கு. ஏலே, பைப்பு வச்சு முறுக்கிருக்காலே, எம் பொஞ்சாதி சக்களத்தியத் தொட்டுட்டாலேன்னு ஒரே சிரிப்பு. நடு ரோட்டுல நின்னு சிரிக்காரு. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கான்."

யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

"எங்கிட்ட ஸ்பேனர் இருந்துச்சு. சரி பண்ணித் தாரேன்னேன். கை வைக்காதன்னுட்டாரு. சாயந்தரம் அவகூட உக்காந்து நானே சொல்லிக் குடுக்கப் போறேன்னாரு. ஒத்தப் பெடலோட, நான் முதுகுல கை குடுக்க, அணைக்கட்டு வரைக்கும் வந்தாரு. கரையில உக்காந்து டீ குடிக்கையிலயும் அதே பேச்சுதான். எல்லாருகிட்டயும் ஒரு தடவ சொல்லி முடிச்சாச்சு. டீக்காரருகிட்டயும் சொன்னாரு. அப்பறந்தான்…"



முனியராஜ் கையை எடுத்தான். பந்தல் கயிறு தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவன்போல அந்தப் பக்கமாகப் போனான். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

கோவையிலிருந்து மகன் செழியன் வந்து சேர்ந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் வந்தது. சங்கு ஊதுகிறவர் மூச்சுப் பிடித்து ஊதினார். வாய்க்கரிசி போட்ட பிறகு சுற்றி வரச் சொன்னார்கள். அழகுமீனா கோயிலில் நடப்பதுபோல நடக்கத் தொடங்கினாள்.

"அந்தப் பக்கம் இல்ல தாயி" என்றார் சங்கு ஊதுகிறவர். "இடமாச் சுத்தி வாங்க. இதுக்கு எல்லாம் எதிர்தான்."

அவள் நின்று திரும்பினாள். அவர் கையிலிருந்த சங்கு கண்ணில் பட்டது. முற்றத்தில் யோபு சார் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை: இடம்புரி. 'வலது பெடல் வலம்புரி, எடது இடம்புரி, எதிர்ப்பக்கம் திருகணும், மறந்துராதீங்க' என்பார். நல்லநாள் அதுவுமாகச் சங்கைப் பற்றி என்ன பேச்சு என்று அவள் உள்ளே முகம் சுளித்துக்கொண்டே மாவு பிசைந்திருக்கிறாள்.

இடமாகச் சுற்றினாள்.

பாடையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெரு திரும்பினார்கள். பெண்கள் பூனைக்குட்டித் தாள்களைச் சுருட்டி எடுத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவினார்கள். தலை முழுக அவளைப் பின்பக்கம் கூப்பிட்டார்கள். போகிற வழியில் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் யோபு சாரின் கைக்குட்டை முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

அவிழ்த்தாள். பெடல் இரண்டும் இருந்தன; கழன்று விழாத மற்றதையும் சார் கழற்றி வைத்திருக்கிறார். முனையில் பொடி எழுத்து: ஒன்றில் எல், ஒன்றில் ஆர். நேற்று அவள் கண்ணில் படாத எழுத்து.

எல் போட்டதை எடுத்துக்கொண்டு சைக்கிளின் இடது பக்கம் குந்தினாள். மரையில் அவள் முறுக்கிய தடம் பளபளப்பாகத் தெரிந்தது. துளையில் வைத்து, விரலால், இடது பக்கமாகத் திருப்பினாள். வழுக்கியது. வெளியே எடுத்து மறுபடி வைத்தாள். இந்தத் தடவை பிடித்தது. ஒரு சுற்று உள்ளே போனது.

"அழகு, தண்ணி எடுத்து வச்சிருக்கு. வா தாயி."

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சவத்துக்கு முன்னால் போடுகிற வேட்டுச் சத்தம் கேட்டது. இரண்டாவது சுற்றில் பெடல் இறுகி நின்றது. அதற்கு மேல் அவள் முறுக்கவில்லை.