சரிந்து நின்ற தூண்டில் நூல்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஐசலினில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் முன்னால் கார் ஹோர்ன் விடாமல் அடித்தது. இரண்டாம் மாடியில் பஞ்சலிங்கம் இரண்டு காலுறைகளுக்கு மேல் மூன்றாவதை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அது 1986 பெப்ரவரி. மூன்று வாரமாக நியூ ஜெர்சி உறைந்து கிடந்தது.

"கெதியா வாரும் ஐசே! மீனெல்லாம் எங்களுக்காக லீவு போட்டிட்டு நிக்குது!" என்று கீழேயிருந்து கத்தினார் சிறீஸ்கந்தராசா.

அவர் மருந்துக் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுபத்து நாலிலேயே வந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரே ஒரு பையோடு வந்து இறங்கிய பஞ்சலிங்கத்தைத் தன் வீட்டு பேஸ்மென்டில் ஏழு மாதம் வைத்துச் சோறு போட்டார். குளிர்க்கோட்டு வாங்கிக் கொடுத்தார், கார் ஓட்டப் பழக்கினார், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். கூடப் பிறந்தவன்கூடச் செய்யமாட்டான். பஞ்சலிங்கத்துக்கு இந்த நாட்டில் அண்ணன் என்றால் அது சிறீ அண்ணைதான்.

ஆனால் அந்த அண்ணையிடமும் பஞ்சலிங்கம் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

வந்த முதல் நாள் சாப்பாட்டு மேசையில் சிறீயின் மனைவி ராஜராணி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "தம்பி, உங்கட ஊரிலை எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்தவர்?"

கேள்வி என்னவோ சாதாரணமாகத்தான் இருக்கும். கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும், அது ஊரைப் பற்றிய கேள்வி இல்லை என்று. பஞ்சலிங்கத்தின் அப்பா மீன்பிடிகாரர். விடிய முன்னம் வள்ளம் தள்ளி, உப்புத் தண்ணீரில் கை வெடித்து, அந்தக் காசில் மகனை எஞ்சினியராக்கியவர். அந்த மனுஷனைப் பஞ்சலிங்கம் ஒரே நிமிடத்தில் தபாற்கந்தோருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "அப்பா போஸ்ட்மாஸ்டர், அக்கா."

பொய் சொன்னது பயத்தில். அந்தப் பயம் சரிதான் என்று அடுத்த வருடமே தெரிந்தது. ஜெர்சி சிட்டியில் வங்கி வேலை பார்த்த அரியரட்ணம் என்றொரு நல்ல மனுஷன் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார். ஆறு தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற கூட்டம் அது. யாரோ யாருக்கோ போன் போட்டு, "ஆள் எங்கட ஆக்கள் இல்லையாம்" என்றார்கள். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணீர் வந்தது, அரியரட்ணத்துக்கு மட்டும் கடதாசிக் கப்பில் வந்தது. அவர் அதைக் குடித்துவிட்டுப் போனார், பிறகு வரவேயில்லை. பத்தாயிரம் மைல் கடலைக் கடந்து வந்த சனம், எதை விட்டுவிட்டு வந்தாலும் இந்தச் சாதிச் சனியனை மட்டும் பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறது! சிறீ அன்றைக்குத் தன் கண்ணாடிக் குவளையில் குடித்து முடித்தார். பஞ்சலிங்கமும் குடித்தார்.

அன்றிலிருந்து பஞ்சலிங்கம் இன்னும் கவனமாக இருந்தார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார். கடலைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். சிறீ இந்தக் குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து ஐஸில் மீன்பிடிக்கப் பழகி, "நீரும் வாரும்" என்று கூப்பிட்டபோதுகூட, தூண்டிலைப் பிடிக்கத் தெரியாதவர் போலவே பிடித்தார்.

ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்துக்குப் பிறகு நீர்த்தேக்கம் வந்தது. ஓர் ஆற்றை அணை கட்டி மறித்து உண்டாக்கிய பெரிய ஏரி. கரையோரம் வளைந்து ஒதுங்கிய பக்கத்தில் பத்துப் பதினைந்து அமெரிக்கர்கள் உறைந்த ஏரிமேல் துளை போட்டு, கவிழ்த்த வாளிகளில் குந்தியிருந்தார்கள். ஆறு வந்து ஏரியில் சேர்கிற மேற்குப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை.

அவர்களோடு குந்தியிருந்து பதினொரு மணிக்குள் சிறீ ஒன்பது கிராப்பி பிடித்துவிட்டார். உள்ளங்கை அளவு, தட்டையான, கறுப்புப் புள்ளி போட்ட மீன்கள். அவருக்கு அது போதவில்லை.

"இது பொரிக்கத்தான் சரி. கண் கண்ணாடி மாதிரி மினுங்குற வால்ஐ மீன் இருக்கே, அதைப் பிடிக்கவேணும். பின்னேரம் ஆறு குடும்பமும் வருகுது, ராணி குழம்பு வைக்கவேணும். வால்ஐ எல்லாம் ஆத்துப் பக்கம்தான் நிக்குமாம். எழும்பும்!"

இருவரும் மேற்கே நடந்தார்கள். சிறீ துளை போட்டார். ட்ரில் உள்ளே இறங்கியதும் ஐஸின் கனத்தைக் கையை விட்டு அளந்து, "அரை அடி! யானை நடக்கலாம்," என்றார்.

பஞ்சலிங்கம் ஈயக்குண்டு கட்டிய நூலைத் துளைக்குள் விட்டார். குண்டு கீழே போனது. நூல் நேரே நிற்கவில்லை. மெல்ல மெல்லச் சரிந்து துளையின் ஒரு விளிம்பில் போய் உரசிக்கொண்டு நின்றது.

அவர் நூலை இழுத்து மறுபடி விட்டார், அது மறுபடி சரிந்தது. எட்டு வயதில் வள்ளத்தில் அப்பாவின் காலடியில் இருந்து படித்த முதல் பாடம் இதுதான். நூல் சரிந்தால் கீழே ஓட்டம் இருக்கிறது. கடலில் ஓட்டம் வலையை இழுக்கும். இங்கே மேலே ஐஸ், கீழே ஓடுகிற ஆறு. ஓடுகிற தண்ணீர் ஐஸைக் கீழிருந்து தின்றுகொண்டே இருக்கும். இந்த இடத்தில் அரை அடி என்றால் முப்பது அடி தள்ளி அரை அங்குலமாகவும் இருக்கலாம். அவர் தலையை நிமிர்த்தினார். சிறீ ட்ரில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்று வாயை நோக்கிப் புறப்பட்டிருந்தார்.

"அண்ணை, நில்லுங்கோ! அங்காலை போகவேண்டாம். கீழை தண்ணி ஓடுது."

"எப்பிடித் தெரியும்?"

"நூல் சரியுது. நேரா நிக்கேல்லை. ஓட்டம் இருந்தால்தான் இப்பிடிச் சரியும்."

சிறீ திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "என்ன ஐசே, போஸ்ட்மாஸ்டர்ட மகன் மாதிரிக் கதைக்கேல்லை நீர்! வலை இழுத்த ஆள் மாதிரியெல்லோ கதைக்கிறீர்! இரும், ராணிட்டைச் சொல்றன்!"

சும்மா பகிடிதான். சிறீயின் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் பஞ்சலிங்கத்துக்கு ராணி என்ற பெயர்தான் கேட்டது. ராணி அக்காவின் மேசை, ஆறு குடும்பங்கள், அரியரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு குடித்த தேத்தண்ணீர், எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. வாயில் வந்தது பொய்.

"இல்லை அண்ணை... எங்கையோ புத்தகத்திலை வாசிச்சனான். பிழையாவும் இருக்கலாம்."

"அதுதானே பார்த்தன்!" என்று சொல்லிவிட்டுச் சிறீ நடந்தார்.

பஞ்சலிங்கம் நூலைச் சுற்றத் தொடங்கினார். அட பாவி மனுஷா, ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாமே! "என்ர அப்பா கடலிலை போனவர், எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே! அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

சிறீ இன்னும் இருபது எட்டு வைத்திருப்பார். ஒரு சத்தமும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆள் நின்ற இடத்தில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. ஒரு கை மேலே வந்து விளிம்பைப் பிடித்தது, விளிம்பு உடைந்தது. பஞ்சலிங்கம் வயிற்றால் ஊர்ந்து போய்த் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி எறிந்தார். "அண்ணை பிடியுங்கோ, அண்ணை!" என்று அலறினார். கை மறுபடி வரவில்லை. ஓட்டம் ஆளை ஐஸுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அமெரிக்கர்கள் ஏணியும் கயிறுமாக ஓடி வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் இரண்டு மணி நேரம் கழித்து நூறு அடி தள்ளி ஐஸை வெட்டித்தான் அவரை எடுத்தார்கள்.

எட்டாம் நாள் சடங்குக்கு ஆறு குடும்பங்களும் ராஜராணியின் வீட்டில் கூடியிருந்தன. எல்லாரும் விதியைப் பற்றிப் பேசினார்கள். "ஆருக்குத் தெரியும் இப்பிடி நடக்குமெண்டு" என்று ஒருவர் சொன்னார்.

மூலையில் இருந்த பஞ்சலிங்கம் எழுந்தார். எட்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் ராஜராணியின் முன்னால் போய்த் தரையில் குந்தினார்.

"அக்கா, எனக்கு நல்லாத் தெரியும். நூலைப் பார்த்தவுடனை தெரியும். என்ர அப்பா போஸ்ட்மாஸ்டர் இல்லை. மீன்பிடிகாரர். அதை மறைக்கிறதுக்காக, தெரிஞ்சதைத் தெரியாதெண்டு சொன்னனான். பிழையாவும் இருக்கலாம் எண்டு சொன்னனான். அவர் என்னை நம்பிப் போனவர் அக்கா!"

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் தன் கதிரையைச் சற்றுப் பின்னால் இழுத்தார். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அம்மா ராஜராணியின் மடியில் சாய்ந்திருந்த எட்டு வயது யாமினி நிமிர்ந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. "ஒய் டிடின்ட் யூ ஜஸ்ட் டெல் ஹிம், அங்கிள்?" என்று கேட்டாள்.

ராஜராணி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் மன்னிப்பு இருந்தது என்று சொல்ல முடியாது. கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. பிறகு மகளின் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அங்கிளை நாங்கள் சொல்ல விடேல்லை பிள்ளை. அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பேலாது. ஊரென்ன, அப்பா என்ன வேலை எண்டு கேட்டுக் கேட்டு, ஒரு மனுசன் தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லப் பயப்பிடுற மாதிரி இந்த வீட்டை வைச்சிருந்தது நான். உன்ர அப்பாவைத் தண்ணி கொல்லேல்லை. சாதி பார்த்த நாங்கள்தான் கொன்றனாங்கள்."