வாசலைத் தாண்டும் வரை

தள்ளுவண்டியின் சக்கரம் செங்கல் பாதையில் மறுபடியும் சிக்கியது. ஹெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். பேரிக்காய்க்குப் பரப்பும் வைக்கோலின் மேல் அவள் அப்பா ஏமஸ் படுத்திருந்தார்.

"என்னையும் சந்தைக்கு அனுப்புறியா? அடிபடாம பாத்துக்கோ. விலை போகாது," என்றார். சிரிக்கப் போய் இருமினார்.

"சும்மா வாங்கப்பா."

அந்த மாளிகைத் தோட்டத்து மதில்களில் பேரி மரங்களைக் கொடி போலப் படரவிட்டே காலத்தைக் கழித்தவர். காலையில் அங்கேயே சாய்ந்துவிட்டார். இன்று தாண்டாது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். அப்பாவோ வீட்டுக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம். பின்பாதையை ஆற்று வெள்ளம் மூடியிருந்தது. மிச்சம் இருந்தது மாளிகையின் பெரிய வாசல்தான். பிணம் போன வழி ஊருக்கே பொதுவழியாகிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் உயிர் இருந்தால்தான் கதவு திறக்கும். இல்லாவிட்டால் வெள்ளம் வடியும்வரை உரக்கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான். அப்பாவை அங்கே போட அவளுக்கு மனம் வரவில்லை.

காரியஸ்தர் கார்பெட் சாவியோடு வாசலில் நின்றார். மாடி ஜன்னலில் மாளிகைக்காரச் சீமாட்டி.

"பேச்சு மூச்சு இருக்குல்ல, ஹெட்டி? மேல பாத்துக்கிட்டே இருக்காங்க. என் வேலைக்கு உலை வெச்சிராத."

"இப்பதான் ஐயா கேலி பண்ணிட்டு வந்தாரு. சீக்கிரம் திறங்க."

துருப்பிடித்த பூட்டு மசியவில்லை. கார்பெட் முனகிக்கொண்டே சாவியைத் திருகினார். ஹெட்டி வண்டியின் பக்கமாக வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். அது திருப்பிப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். திறந்த வாயில் மூச்சில்லை. போர்வையை மோவாய் வரை இழுத்துவிட்டாள்.

"அப்பா, பூட்டு திறக்குது பாருங்க. குளிருதா? இதோ, வீடு வந்திரும்."

பூட்டு கழன்றது. கார்பெட் திரும்பினார். ஏமஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தூங்கிட்டாரு ஐயா," என்றாள்.

கார்பெட் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்தார். மாடி வரை கேட்கும்படி தொண்டையைத் திறந்தார்.

"உடம்பைப் பாத்துக்கய்யா ஏமஸ்! தோட்டத்தை நாங்க பாத்துக்குறோம்!"

இரும்புக் கதவை இரண்டு பக்கமும் அகலத் தள்ளினார். வாசல் கல்லில் சக்கரம் இடித்தது. அவரே குனிந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

"மெதுவா தள்ளும்மா," என்றார். "முழிச்சிக்கப் போறாரு."